14 கன்டெய்னர் பந்து: ஓட்டர்லூ கப்பலில் யாருக்கு என்ன தெரியும்?

முத்துநகர் ஏஜென்ட்:
நேற்று வேறொரு இழையில் கோவை வணிகன் எழுதியதைப் படித்துவிட்டு எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அங்கே பதில் போட்டால் கூட்டத்தில் காணாமல் போய்விடும் என்றுதான் தனி இழை.

அவர் சொன்னது இது: கொலம்பியாவின் வலதுசாரித் துணைப்படையான ஏயூசிக்குச் சர்வதேச ஆயுதச் சந்தையோடு பெரிய தொடர்பு கிடையாதாம். அதெல்லாம் இடதுசாரி கெரில்லாக்களும் அரசாங்கங்களும் செய்த வேலையாம். 2001-இல் ஓட்டர்லூ கப்பல் வந்தது ஏதோ ஒரு தடவை நடந்த ஏமாற்று வேலையாம். துறைமுகத்தில் இருந்த வாழைப்பழக் கம்பெனி கிரேன் கொடுத்ததோடு சரியாம். கன்டெய்னருக்குள் என்ன இருந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார்.

எப்படித் தெரியும் என்று நான் சொல்கிறேன். கன்டெய்னர்தான் எனக்குச் சோறு போடுகிறது.

தெரியாதவர்களுக்குக் கதை சுருக்கமாக. எண்பதுகளில் சான்டினிஸ்டா என்ற இடதுசாரிப் புரட்சிக் கட்சியின் ஆட்சிக் காலத்தில் சோவியத் பக்கத்திலிருந்து வந்த ஏகே-47கள் நிகரகுவாவில் குவிந்து கிடந்தன. நிகரகுவா போலீசுக்கோ இஸ்ரேல் பிஸ்டலும் மினி ஊஸி என்ற சிறிய இயந்திரத் துப்பாக்கியும் வேண்டியிருந்தது. குவாத்தமாலாவில் இருந்த ஒரு தரகுக் கம்பெனி அதைக் கொடுத்து இதை வாங்கிக்கொள்வதாகப் பேசி முடித்தது. துப்பாக்கிகள் பனாமா போலீசுக்குப் போவதாக ஒரு கொள்முதல் ஆணையைக் காட்டினார்கள். அது போலி. பனாமா போலீஸ் ஒரு துப்பாக்கிகூடக் கேட்கவில்லை. 3,000 ஏகே-47, 25 லட்சம் தோட்டா, எல்லாம் எல் ராமா துறைமுகத்தில் ஓட்டர்லூவில் ஏறின. பேப்பரில் பனாமா. கப்பல் போனது கொலம்பியாவில் உராபா வளைகுடாவின் டூர்போவுக்கு. அங்கே நான் சொன்ன வாழைப்பழக் கம்பெனி, அமெரிக்காவின் சிக்கிட்டா, அதன் கொலம்பியக் கிளையான பனாடெக்ஸ் நடத்திய இடத்தில் சரக்கு இறங்கியது. இப்போது மேனிஃபெஸ்டில், அதாவது சரக்குப் பட்டியலில், என்ன எழுதியிருந்தது தெரியுமா? பந்து. பிளாஸ்டிக் பந்து, ரப்பர் பந்து. 14 கன்டெய்னர்.

டூர்போ வாழைப்பழம் ஏற்றுமதி செய்யும் ஊர். அந்த ஊருக்கு 14 கன்டெய்னர் பந்து வருகிறது. ஒருத்தரும் புருவத்தைத் தூக்கவில்லை. இதை நம்பச் சொல்கிறார் கோவை வணிகன்.

கோவை வணிகன்:
என் பெயரில் தனி இழையே திறந்துவிட்டீர்கள், மகிழ்ச்சி. நான் எழுதியதில் ஒரு வார்த்தையையும் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

ஒரே கேள்வி. அந்தத் துப்பாக்கிகளைத் தெரிந்தே இறக்கியதற்காக சிக்கிட்டாவை அமெரிக்க நீதிமன்றம் எதுவும் தண்டித்ததா? 2007-இல் அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு 25 மில்லியன் டாலர் அபராதம் கட்டியது ஏயூசிக்குப் பணம் கொடுத்ததற்காக. துப்பாக்கிக்காக இல்லை. தீர்ப்பைக் காட்டுங்கள், பேசுவோம்.

அப்புறம் கன்டெய்னர். சீல் வைத்து வருகிறது. பேப்பரில் பந்து என்றால் பந்துதான். துறைமுகத்தில் இறக்குகிறவன் ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்த்துக்கொண்டிருப்பானா?

முத்துநகர் ஏஜென்ட்:
உடைத்துப் பார்க்க வேண்டியதில்லை, சார். ஒரு கன்டெய்னர் யார்டுக்குள் வந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். மேனிஃபெஸ்டும் பில் ஆஃப் லேடிங் என்கிற சரக்கு ஏற்றிய ரசீதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். சீல் நம்பரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலே பெட்டி நகராது. சரக்கு யாருக்கு என்று பார்ப்பார்கள். அவர் சார்பாக ஒரு ஏஜென்ட் வருவான். டியூட்டி கட்டுவான். லாரி நம்பர் கொடுப்பான். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் முந்திரிக் கொட்டைக்கே எங்கள் ஊரில் இத்தனை பேர் கையெழுத்துப் போடுகிறார்கள்.

எல் ராமாவில் ஏறும்போது ஆயுதம், பனாமா. டூர்போவில் இறங்கும்போது பந்து, கொலம்பியா. ஒரே கப்பல், இரண்டு செட் பேப்பர். நடுவில் கடலில் யாரும் பெட்டியை மாற்றவில்லை. அந்தப் பேப்பரை வாங்கி, சரி பார்த்து, பெட்டியை இறக்கி, கேட்டைத் திறந்து லாரியை வெளியே விட்டவர்கள் எல்லாரும் ஏமாந்தவர்களா? பந்துக்காக வந்த வியாபாரி யார்? அவர் கடை எங்கே? ஒருத்தரும் கேட்கவில்லையா?

தீர்ப்பு தீர்ப்பு என்கிறீர்கள். அமெரிக்க நாடுகள் அமைப்பு விசாரித்து 2003 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. விசாரணைக்குத் தலைமை தாங்கிய மோரிஸ் பஸ்பி கொலம்பியாவில் அமெரிக்கத் தூதராக இருந்தவர், செங்கொடிக்காரர் இல்லை. ஆணை போலி என்பதும், பனாமாவைக் கேட்டுச் சரிபார்க்காமலே நிகரகுவா சரக்கை அனுப்பியது என்பதும் அதில் இருக்கிறது.

செங்கொடி மாறன்:
ஏஜென்ட் அண்ணே, போகிறபோக்கில் எங்களையும் ஒரு இடி இடிக்கிறீர்களே. சரி, பரவாயில்லை.

வணிகன் மறந்த ஒன்றை நினைவுபடுத்துகிறேன். சிக்கிட்டாவின் பழைய பெயர் யுனைடெட் ஃப்ரூட். 1928 டிசம்பரில் கொலம்பியாவின் சியேனாகாவில் வேலைநிறுத்தம் செய்த வாழைத்தோட்டத் தொழிலாளர்களை ராணுவம் சுட்டுக் கொன்றதே, அது இந்தக் கம்பெனியின் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம். இவர்களுக்குத் துப்பாக்கி புதிதா? ஓட்டர்லூவில் வந்த தோட்டா 50 லட்சம். 25 லட்சம் என்று குறைத்துச் சொல்ல வேண்டாம்.

கோவை வணிகன்:
வந்துவிட்டார். 1928-ஐ இழுக்காமல் இவரால் ஒரு பதிவு போட முடியாது.

முதலில் உங்களுக்குள்ளேயே முடிவு பண்ணுங்கள். 25 லட்சமா, 50 லட்சமா? அமெரிக்க நாடுகள் அமைப்பு அறிக்கை 25 லட்சம் என்கிறது, ஏஜென்ட் அதையே வேதமாக வைத்திருக்கிறார். மாறன் அதை இரட்டிப்பாக்குகிறார். கணக்கே சரியாக இல்லாதவர்கள் அடுத்தவருக்கு உள்நோக்கம் கற்பிக்கிறார்கள்.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. ஏகே ஒன்று நாலு கிலோ, 3,000 துப்பாக்கிக்கு 12 டன். தோட்டா ஒன்று 16 கிராம், 25 லட்சத்துக்கு 40 டன். மொத்தம் 52. அதை 14 கன்டெய்னரில் போட்டால் ஒன்றுக்கு நாலு டன்கூட வராது. ஏஜென்ட் சார், நாலு டன் சரக்கைக் கிரேனில் தூக்குகிறவனுக்கு அது பந்து இல்லை என்று எப்படித் தோன்றும்? இருபது டன் இருந்தால் சந்தேகப்படலாம். நாலு டன் பந்தாகவே இருக்கலாமே!

முத்துநகர் ஏஜென்ட்:
நாலு டன் பந்தா? பந்து என்பது காற்று. காற்றடைத்த பந்தை இருபதடிப் பெட்டியில் கூரைவரை அடைத்தாலும் அது இடத்தைத்தான் பிடிக்கும், எடை ஏறாது. உங்கள் கணக்கில் துப்பாக்கியை அடுக்கிய மரப்பெட்டி எங்கே? தோட்டா அடைத்த தகரப் பெட்டி எங்கே? எல்லாப் பெட்டியிலும் சமமாகப் பிரித்து ஏற்றினார்கள் என்று யார் சொன்னது? பேனாவை வைத்துக்கொண்டு 52-ஐ 14-ஆல் வகுத்தால் பெட்டியில் சரக்கு அடைத்ததாக ஆகிவிடுமா?

எடையை விடுங்கள். எடை இரண்டாவது. வந்து எடுத்தது யார் என்பதுதான் என் கேள்வி. அதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

கோவை வணிகன்:
எடையை விட முடியாது. அதைச் சொன்னதும் பின்வாங்குகிறீர்கள். காற்றடைக்காத ரப்பர் பந்து என்று ஒன்று இருக்கிறது, தெரியுமா? ஏற்றுமதியில் காற்றை இறக்கி, மடித்து, அடுக்கித்தான் அனுப்புவார்கள். அப்போது நாலு டன் சாதாரணம். பந்து ஏற்றுமதி செய்த நண்பர்கள் எனக்கு உண்டு.

முத்துநகர் ஏஜென்ட்:
பிளாஸ்டிக் பந்தை மடிப்பீர்களா?

கோவை வணிகன்:
மடிக்கலாம்.

தேம்ஸ் கரையான்:
இரண்டு பேரும் பந்தை வைத்து விளையாடுறீங்கள், விஷயம் கைவிட்டுப் போகுது. கப்பலில் இருந்த துப்பாக்கி யாரைச் சுட்டது என்று ஒருத்தரும் கதைக்கவில்லை.

நான் இருக்கும் நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆதரவுத் துணைப்படைகள் மூன்று, யூடிஏ, யூவிஎஃப், அல்ஸ்டர் ரெசிஸ்டன்ஸ். 1987-இல் போர்ட்டடவுனில் ஒரு வங்கியைக் கொள்ளையடித்தார்கள், மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல். லெபனானிலிருந்து செக்கோஸ்லோவாக்கியத் தயாரிப்பு விஇசட்-58 துப்பாக்கிகள் ஒரு கப்பல் சரக்காக வந்து சேர்ந்தது. 1988 ஜனவரியில் யூடிஏயின் பங்கை போலீஸ் பிடித்தது. மற்றதில் பெரும்பகுதி பிடிபடவில்லை. 1994 ஜூன் 18-ஆம் தேதி இரவு லொக்கினைலண்ட் என்ற சின்ன ஊரில் ஆட்கள் மதுக்கடையில் உலகக் கோப்பைக் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஆறு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சரக்கில் வந்த துப்பாக்கிதான். போலீசுக்கும் கொலைகாரர்களுக்கும் கூட்டு இருந்தது என்று காவல்துறைக் குறைதீர்ப்பாளர் 2016-இல் எழுதினார், 22 வருஷம் கழித்து.

துணைப்படைக்கும் சர்வதேசச் சந்தைக்கும் தொடர்பில்லை என்று வணிகன் சொன்னதால் இதை எழுதினேன்.

கோவை வணிகன்:
நான் கொலம்பியாவைப் பற்றிச் சொன்னேன். அயர்லாந்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீங்களும் மாறன் மாதிரியே ஊர் மாற்றுகிறீர்கள். ஊர் மாற்றுவதென்றால் நானும் மாற்றுவேன்.

1999-இல் கொலம்பியாவின் இடதுசாரி ஃபார்க் கெரில்லாக்களுக்கு 10,000 ஏகே-47 போனதே, அது எங்கிருந்து? ஜோர்டானிலிருந்து. பெரு ராணுவத்துக்கு என்று சொல்லி வாங்கி, கொலம்பியக் காட்டுக்கு மேல் பாராசூட்டில் போட்டார்கள். பின்னால் இருந்தது பெருவின் உளவுத்துறையை ஆட்டி வைத்த விளாடிமிரோ மொன்டெசினோஸ். அதற்காக 2006-இல் அவருக்கு 20 வருஷம் போட்டார்கள். பத்தாயிரம்! உங்கள் ஓட்டர்லூவில் மூவாயிரம். யார் பெரிய வாடிக்கையாளர்? பாருங்கள், இங்கே தீர்ப்பும் இருக்கிறது. நீங்கள் சொல்வதில் அது இல்லை.

முத்துநகர் ஏஜென்ட்:
ஃபார்க் வாங்கியது எனக்கும் தெரியும், நான் அவர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. அவர்கள் ஆள் கடத்தியவர்கள், கோகைன் பணத்தில் வாழ்ந்தவர்கள். அது ஏயூசியைச் சுத்தமாக்கிவிடுமா?

பத்தாயிரம் பெரிதா, மூவாயிரம் பெரிதா என்று கேட்டீர்கள். ஏயூசி தலைவர் கார்லோஸ் கஸ்தான்யோவே 2002-இல் கொலம்பியப் பத்திரிகையிடம் பெருமையடித்தார், மத்திய அமெரிக்கா வழியாக ஐந்து சரக்கில் 13,000 துப்பாக்கி கொண்டுவந்தோம் என்று. அதைத் தங்கள் இயக்கத்தின் மிகப் பெரிய சாதனை என்று வேறு சொன்னார். ஒரு தடவை நடந்த ஏமாற்று என்று நீங்கள் சொல்வதற்குச் சம்பந்தப்பட்டவரே சாட்சி சொல்லிவிட்டுப் போய்விட்டார், 2004-இல் கொல்லப்படுவதற்கு முன்னால்.

இன்னொன்று. அமெரிக்கா ஏயூசியைப் பயங்கரவாத இயக்கம் என்று அறிவித்தது 2001 செப்டம்பர் 10. ஓட்டர்லூ டூர்போவுக்கு வந்தது நவம்பர் முதல் வாரம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தடை வந்த பிறகும் சரக்கு வந்தது, பணமும் போனது. 2003-இல் கம்பெனியின் வெளி வக்கீல்களே பணம் கொடுப்பதை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினார்களா? 2004 வரை கொடுத்தார்கள். 1997-இலிருந்து கணக்குப் போட்டால் நூறு தடவைக்கு மேல், மொத்தம் 17 லட்சம் டாலர்.

பணம் கொடுக்கிறவன் ஒரு பக்கம், அதே ஆளுக்கு வந்த துப்பாக்கியை இறக்கிக் கொடுத்த இடம் இன்னொரு பக்கம், இரண்டும் ஒரே கம்பெனியின் கிளை. நீங்கள் இரண்டையும் தனித்தனிக் கோப்பில் போட்டுக் கட்டுகிறீர்கள்.

கோவை வணிகன்:
கஸ்தான்யோ சொன்னால் உண்மையா? ஆயிரக்கணக்கில் கொலை செய்த கூட்டத்தின் தலைவன் பெருமைக்குச் சொன்னதை வேதமாக எடுத்துக்கொள்கிறீர்கள். அவன் ஐம்பதாயிரம் என்று சொல்லியிருந்தாலும் இங்கே ஒட்டியிருப்பீர்கள்.

பணம் கொடுத்தார்கள் என்று நானும் சொல்கிறேன். தங்கள் ஆட்களைக் காப்பாற்ற மிரட்டலுக்குப் பயந்து கொடுத்தோம் என்றது கம்பெனி. அதற்கு முன்னால் ஃபார்க்குக்கும் கொடுத்தவர்கள்தானே? தொழில் நடத்துகிறவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். திருப்பூரிலும் கோவையிலும் மில் நடத்தியவர்களைக் கேளுங்கள், யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது என்று. கமிஷன் வாங்குகிறவர்களுக்கு அது புரியாது.

தீர்ப்பு எங்கே?

முத்துநகர் ஏஜென்ட்:
கமிஷன் வாங்குகிறவனா? நல்லது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் உங்கள் நூல் ஏற்றுமதிப் பேப்பரில் தப்பு இருக்கிறது என்று நான் சொன்னேன், அதிலிருந்து உங்களுக்கு என்மேல் கோபம். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மிரட்டலுக்குப் பயந்து கொடுத்தார்கள் என்றீர்கள். 2024 ஜூனில் ஃபுளோரிடாவில் ஜூரி அதைக் கேட்டுவிட்டுத்தான், ஏயூசி கொன்ற எட்டுப் பேரின் குடும்பங்களுக்கு 38.3 மில்லியன் டாலர் கொடு என்று சொன்னது. தீர்ப்பு கேட்டீர்களே, இந்தாருங்கள்.

கோவை வணிகன்:
அதுவும் பணம் கொடுத்ததற்காக. துப்பாக்கிக்கு எங்கே?

செங்கொடி மாறன்:
பணத்தால் தோட்டா வாங்க முடியாதா? பணம் வேறு, தோட்டா வேறா? எட்டுக் குடும்பம் நீதிமன்றத்தில் நின்று ஜெயித்திருக்கிறது, இவர் துப்பாக்கிக்குத் தனி ரசீது கேட்கிறார். மனசாட்சி என்று ஒன்று இல்லையா?

கோவை வணிகன்:
மனசாட்சியைப் பற்றி மாறன் பேசுகிறார். நிகரகுவா துப்பாக்கி எப்படி வந்தது? உங்கள் சான்டினிஸ்டா புரட்சிக்கு உங்கள் சோவியத் கொடுத்தது. புரட்சிக்கு வந்த துப்பாக்கிதான் கடைசியில் துணைப்படைக்குப் போனது. அதற்கு முதலில் கணக்குச் சொல்லுங்கள்.

செங்கொடி மாறன்:
2001-இல் நிகரகுவாவை ஆண்டது சான்டினிஸ்டாக்கள் இல்லை. 1990 தேர்தலில் தோற்றுப் போய் எதிர்க்கட்சியாக இருந்தார்கள். வரலாறு படித்துவிட்டு வாருங்கள். எண்பதுகளில் அவர்களை எதிர்த்த கான்ட்ரா கூலிப்படைக்கு ஆயுதம் போட்டது யார்? 1986 அக்டோபரில் நிகரகுவாவில் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானத்திலிருந்து உயிரோடு பிடிபட்ட யூஜின் ஹாசன்ஃபஸ் எந்த நாட்டுக்காரர்? ஈரானுக்குத் திருட்டுத்தனமாக ஏவுகணை விற்று, அந்தப் பணத்தைக் கான்ட்ராவுக்குத் திருப்பியது வாஷிங்டன். முதலில் அதைப் பேசுங்கள்.

கோவை வணிகன்:
பார்த்தீர்களா? மறுபடியும் ஊர் மாற்றம், வருஷ மாற்றம்.

தேம்ஸ் கரையான்:
ஊரை முதலில் மாற்றியது ஜோர்டானுக்குப் போன நீங்கள்தான்.

கோவை வணிகன்:
நீங்கள் அயர்லாந்துக்குப் போன பிறகு.

முத்துநகர் ஏஜென்ட்:
எல்லாரும் எங்கே வேண்டுமானாலும் போய்க்கொள்ளுங்கள். நான் டூர்போவிலேயே நிற்கிறேன்.

பனாடெக்ஸ் டூர்போவில் வைத்திருந்தது கஸ்டம்ஸ் அனுமதி பெற்ற துறைமுக இடம். அந்த அனுமதியைப் புதுப்பிக்க அங்கிருந்த கஸ்டம்ஸ் அதிகாரிகளுக்கு 30,000 டாலர் அளவுக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். இது நான் சொல்வது இல்லை. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் இதற்காக சிக்கிட்டாமேல் வழக்குப் போட்டு, கம்பெனி ஒரு லட்சம் டாலர் அபராதம் கட்டியது. எப்போது? 2001 அக்டோபரில். அடுத்த மாதம் அதே ஊருக்கு ஓட்டர்லூ வருகிறது.

புரிகிறதா? அந்த இடத்தில் கஸ்டம்ஸ் எப்படி வேலை செய்தது என்பது காகிதத்தில் பதிவாகியிருக்கிறது. இந்தப் பேப்பரை எல்லாம் மேசையில் அடுக்கி வைத்த பிறகும் பந்து என்று நம்பினார்கள் என்கிறீர்கள். கோகைன் கடத்தும் ஊரில், ஏயூசியே ராஜ்யம் நடத்திய உராபாவில், கஸ்டம்ஸைக் கையில் போட்டுக்கொண்ட இடத்தில், பந்து!

கோவை வணிகன்:
அனுமதிக்குக் கொடுத்த லஞ்சம் வேறு, ஓட்டர்லூ வேறு. அந்த 30,000 டாலரை வாங்கியவர்கள்தான் ஓட்டர்லூவையும் விட்டார்கள் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? அடுத்த மாதம், அதே ஊர், அதனால் அதே குற்றம். இதுதான் உங்கள் தர்க்கம். உங்கள் தூத்துக்குடித் துறைமுகத்தில் செம்மரம் பிடிபடவில்லையா? எத்தனை தடவை வருவாய்ப் புலனாய்வுத் துறையான டிஆர்ஐ பிடித்திருக்கிறது? பேப்பரில் வேறு சரக்கு, உள்ளே செம்மரம். அப்படியானால் தூத்துக்குடியில் ஏஜென்ட் வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்துதான் போனதா? நீங்கள் உட்பட?

முத்துநகர் ஏஜென்ட்:
என்னைச் சொல்லுங்கள், என் ஊரைச் சொல்லாதீர்கள்.

செம்மரம் பிடிபட்டால் அடுத்த நிமிஷம் யாரைக் கூப்பிடுகிறார்கள் தெரியுமா? ஏஜென்ட்டை. பெட்டியை அடைத்தவனை, சீல் வைத்தவனை, லாரி ஓட்டியவனை. 'எனக்குத் தெரியாது, பேப்பரில் அப்படித்தான் இருந்தது' என்றால் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டா அனுப்புகிறார்கள்? எங்களுக்குத் தெரியாது என்ற வார்த்தை கிடையாது. வாழைப்பழக் கம்பெனிக்கு மட்டும் அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? அதுதான் சார் என் வயிற்றெரிச்சல். ஒரு சின்ன ஏஜென்ட் தப்புப் பண்ணினால் கூண்டில் நிற்பான். இவர்கள் அபராதம் கட்டிவிட்டு அடுத்த வாரம் பழம் ஏற்றுவார்கள்.

நெறியாளர்:
தொழில், ஊர் பற்றிய தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். வணிகன், செம்மரம் பற்றிய கடைசி வரியை நீக்கிவிடுங்கள்.

கோவை வணிகன்:
நீக்க முடியாது. கேள்விதான் கேட்டேன். 'கமிஷன்' என்று நான் சொன்னதும் வலித்ததே தவிர, பேப்பரில் தப்பு என்று என் ஏற்றுமதியை அவர் பொதுவில் இழுத்தபோது நெறியாளர் எங்கே இருந்தார்?

தேம்ஸ் கரையான்:
இந்தியாவிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது, நீங்கள் ஏன் செம்மரத்துக்குப் போறீங்கள்? புருலியா. 1995 டிசம்பர் 17 இரவு, மேற்கு வங்கத்தில் ஆன்-26 விமானத்திலிருந்து ஏகே துப்பாக்கிகளைப் பெட்டி பெட்டியாக வீசினார்கள். பல்கேரியாவில் வாங்கியது. இறுதிப் பயனாளர் சான்றிதழில் பங்களாதேஷ். ஓட்டர்லூவில் பனாமா போலீஸ் எப்படியோ, இங்கே பங்களாதேஷ் அப்படி. எல்லா இடத்திலும் ஒரே தந்திரம்: வாங்காத அரசாங்கத்தின் பெயரில் ஒரு தாள்.

கோவை வணிகன்:
அருமை, நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். ஆயுதத்தை வீசிவிட்டுப் போன அந்த விமானம் தாய்லாந்திலிருந்து திரும்பி வரும்போது மெட்ராசில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனது. அதன் பிறகுதான் பம்பாயில் இறக்கினார்கள். மெட்ராஸ் விமான நிலையத்தில் எரிபொருள் ஊற்றியவர் குற்றவாளியா? அவருக்கு அது ஆயுத விமானம் என்று தெரியுமா? கிரேன்காரரும் அப்படித்தான்.

முத்துநகர் ஏஜென்ட்:
அந்த விமானத்தில் அப்போது ஆயுதம் இல்லை. வீசி முடித்துவிட்டார்கள். காலி விமானத்துக்கு எரிபொருள் ஊற்றியதும், ஆயுதம் இருந்த 14 பெட்டியைத் தன் இடத்தில் இறக்கி வைத்து, லாரியில் ஏற்றி அனுப்பியதும் ஒன்றா? நல்ல உதாரணம் தேடிப் பிடித்தீர்கள்.

எரிபொருள் ஊற்றியவர் அந்த விமானத்தின் முதலாளிக்கு ஏழு வருஷமாகப் பணம் கட்டிக்கொண்டிருந்தாரா? அங்கே அனுமதி வாங்க லஞ்சம் கொடுத்தாரா?

செங்கொடி மாறன்:
புருலியாவில் பிடிபட்ட லாத்விய விமானிகளும் பிரிட்டிஷ் ஆயுத வியாபாரி பீட்டர் பிளீச்சும் ஆயுள் தண்டனை வாங்கி, பிறகு வெளிநாட்டு அழுத்தத்தில் விடுதலையாகிப் போனார்கள். முக்கியக் குற்றவாளியாகத் தேடப்படும் டென்மார்க்காரர், கிம் டேவி என்ற நீல்ஸ் ஹோல்க், பம்பாய் விமான நிலையத்திலிருந்தே மறைந்துபோனார். டென்மார்க் இன்றுவரை தரவில்லை. வணிகனின் தீர்ப்பு ஆசைக்கு இதுதான் பதில். தீர்ப்பு வந்தாலும் பெரிய மீன் வெளியேதான் இருக்கும்.

கோவை வணிகன்:
தீர்ப்பு வந்தது என்கிறீர்கள் அல்லவா? ஓட்டர்லூவில் அதுவும் வரவில்லை. துப்பாக்கிகளை வாங்க ஏற்பாடு செய்த, பனாமாவில் இருந்த ஒரு இஸ்ரேலிய ஆயுத வியாபாரியைப் பிடித்தார்களே, பிறகு வெளியே வந்துவிட்டார். நிகரகுவாவில், குவாத்தமாலாவில் யார் உள்ளே போனார்கள்? விற்றவன் வெளியே, தரகன் வெளியே, கப்பல் கேப்டன் காணவில்லை. எல்லாரையும் விட்டுவிட்டு நீங்கள் கிரேன் வாடகைக்கு விட்டவனைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். ஏன் தெரியுமா? கம்பெனி என்றால் இங்கே எல்லாருக்கும் இனிக்கிறது.

முத்துநகர் ஏஜென்ட்:
விற்றவனையும் தரகனையும் நான் விடவில்லை. முதல் பதிவை மறுபடி படியுங்கள், போலி ஆணையிலிருந்துதான் ஆரம்பித்தேன். நீங்கள்தான் 'கம்பெனிக்கு எப்படித் தெரியும்' என்று கேட்டீர்கள், அதற்குத்தான் இத்தனை பதில். அவர்கள் எல்லாரும் வெளியே இருப்பது உங்களுக்கு வாதம், எனக்கு ஆத்திரம்.

2000 பிப்ரவரியில் எல் சலாதோ என்ற ஊரில் ஏயூசிக்காரர்கள் நாள்கணக்கில் இருந்து, ஊர் நடுவில் விளையாட்டுத் திடலில் ஆட்களைக் கூட்டிவைத்து ஒவ்வொருவராகக் கொன்றார்கள். பின்னணியில் மேளம் அடித்துக்கொண்டு. இப்படிப்பட்டவர்களுக்கு அடுத்த வருஷம் 3,000 துப்பாக்கி வருகிறது. அதைக் கையால் தொட்ட ஒவ்வொருவரும் பந்து என்று சொல்லித் தப்பித்துவிட்டார்கள். நீங்கள் இங்கே உட்கார்ந்து பந்தை மடிக்க முடியும் என்று கணக்குச் சொல்கிறீர்கள்.

சரக்கை எடுக்க வந்தது யார்? மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

கோவை வணிகன்:
யார் வந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் டூர்போவில் வாட்ச்மேனாக இருந்தேனா? தெரிந்தே இறக்கினார்கள் என்று சொன்னவர் நீங்கள், நிரூபிக்க வேண்டியவரும் நீங்கள். எல் சலாதோவைச் சொல்லி என் வாயை அடைக்க முடியாது, அந்தக் கொலைகளை நான் ஒரு இடத்திலும் நியாயப்படுத்தவில்லை.

எடைக் கணக்குக்கும் இன்னும் பதில் வரவில்லை. 52 டன், 14 பெட்டி.

முத்துநகர் ஏஜென்ட்:
மரப்பெட்டியின் எடையைச் சேருங்கள் என்றேன், சேர்த்தீர்களா?

கோவை வணிகன்:
சேர்த்தாலும் ஐந்து டன்னைத் தாண்டாது.

செங்கொடி மாறன்:
50 லட்சம் தோட்டா என்று வைத்துக்கொண்டால் தாண்டும்.

கோவை வணிகன்:
அறிக்கையில் 25 லட்சம்தான். ஏஜென்ட்டைக் கேளுங்கள், அவர் சொல்வார்.

முத்துநகர் ஏஜென்ட்:
மாறன் தம்பி, கொஞ்சம் சும்மா இருங்கள். நமக்குள் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வணிகன் சார், ஐந்து டன் என்றே வையுங்கள். ஐந்து டன் பந்து வாங்க அந்த ஊரில் யார் இருந்தார்கள்? 14 பெட்டி பந்தை விற்க உராபாவில் எத்தனை கடை? எடையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் ஓடினாலும் மறுபடி அங்கேதான் வந்து நிற்பீர்கள். அந்த 30,000 டாலரைப் பற்றியும் 'வேறு வேறு' என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அதை விடமாட்டேன். நாளைக்கு ஒரு கப்பல் வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன்.

கோவை வணிகன்:
வாருங்கள். காற்றிறக்கிய பந்து ஒரு பெட்டியில் எத்தனை டன் பிடிக்கும் என்று நண்பரிடம் கேட்டு வைக்கிறேன்.

தேம்ஸ் கரையான்:
லொக்கினைலண்ட் பற்றி எழுதியதற்கு ஒருத்தரும் ஒரு வரி பதில் போடவில்லை. பந்துக்கு மட்டும் எல்லாருக்கும் நேரம் இருக்கு.

நெறியாளர்:
செம்மரம் வரியை நான் நீக்கிவிட்டேன்.

கோவை வணிகன்:
அப்படியானால் என் ஏற்றுமதிப் பேப்பர் பற்றி அவர் எழுதியதையும் நீக்குங்கள். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று வைக்காதீர்கள்.